அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

அமெரிக்காவின் சீர்திருத்த யூத சபைகளில் இப்போது புழக்கத்தில் இருக்கும் ஜெபப் புத்தகத்துக்கு ‘மிஷ்கான் தெஃபிலா’ என்று பெயர். 2007இல் வெளிவந்தது. அதன் மையமான ஜெபத்தில், இரண்டாவது ஆசீர்வாதம் முடிகிற இடத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. கடவுள் அனைத்துக்கும் உயிர் தருகிறவர் என்று எபிரேய வரி முடிகிறது. ‘அனைத்தும்’ என்று பொருள்படும் ‘ஹகோல்’ என்ற சொல்லை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் இன்னொரு சொல்: ‘ஹமெய்த்திம்’. அதற்கு ‘மரித்தோர்’ என்று பொருள். தொழ வந்தவர் இரண்டில் தம் மனம் ஒப்பியதைச் சொல்லிக்கொள்ளலாம்.

கடவுள் என்ன செய்வார் என்று சொல்லும் வாக்கியத்தில் ஒரு ஜெபப் புத்தகம் இப்படி இரண்டு வழி விட்டு வைப்பது சின்ன விஷயமல்ல. அந்த அடைப்புக்குறி அங்கே வந்து சேர ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. இடையில் சபைகள் உடைந்திருக்கின்றன. நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. யூதப் புத்தாண்டு நாளில் ஜெப ஆலயத்துக்குள்ளேயே கைகலப்பு நடந்திருக்கிறது.

அந்த மைய ஜெபத்தின் பெயர் அமிதா. ‘நிற்றல்’ என்று பொருள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, எருசலேம் இருக்கும் திசை பார்த்து நின்று சொல்வதால் இந்தப் பெயர். மரபைக் கடைப்பிடிக்கும் யூதர் தினமும் மூன்று வேளை இதைச் சொல்வார். கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் தேவாலயத்தை அழித்தது. இனி பலி கொடுக்கப் பீடம் இல்லை, எப்படி வழிபடுவது? யூத மத ஆசான்களான ரபிகள் கண்ட விடைகளில் முதன்மையானது இந்த ஜெபம். இதற்குப் ‘பதினெட்டு’ என்றும் ஒரு பெயர் உண்டு. வார நாட்களில் சொல்லும் ஆசீர்வாதங்கள் 19 ஆன பிறகும் பழைய பெயரே நின்றுவிட்டது. முதல் ஆசீர்வாதம் முன்னோரை நினைவுகூர்கிறது. இரண்டாவது, கடவுள் மரித்தோரை உயிர்ப்பிப்பார் என்று அறிக்கையிடுகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு புதிய யூதத் தலைமுறை தலையெடுத்தது. ஊருக்குள் தனியாக ஒதுக்கிவைக்கப்பட்ட தெருக்களிலிருந்து வெளியே வந்து, பல்கலைக்கழகம் போய், வரலாறும் தத்துவமும் படித்த தலைமுறை. கல்லறைக்குப் போன உடல் எழுந்து வரும் என்று அவர்களில் பலரால் நம்ப முடியவில்லை. நம்பாத ஒன்றை நாளுக்கு மூன்று முறை கடவுள் முன்னால் நின்று எப்படிச் சொல்வது? மனிதரிடம் பொய் சொல்வதே தவறு என்றால், ஜெபத்தில் சொல்லும் பொய்யை எதில் சேர்ப்பது? சிலர் ஜெபத்தை விட்டு ஒதுங்கினார்கள். சிலர் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். இன்னும் சிலர் ஜெபப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வாய் சொல்வதும் மனம் நம்புவதும் ஒன்றாகும்வரை அதைத் திருத்த உட்கார்ந்தார்கள். எனக்கு வியப்பாக இருப்பது இந்த மூன்றாம் கூட்டத்தார்தான். விட்டுப் போவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதல் கட்டடத்தை எழுப்பியவர் ரபி அல்லர். நிதித் தொழிலில் செல்வம் சேர்த்த இஸ்ரேல் யாக்கோப்சன். அப்போது வெஸ்ட்ஃபாலியா என்ற அரசை நெப்போலியனின் தம்பி ஜெரோம் ஆண்டுகொண்டிருந்தார். யூதர்களுக்குச் சம உரிமை கொடுத்திருந்தார். ஸேஸென் என்ற சிற்றூரில் யாக்கோப்சன் 1801இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். அங்கேயே 1810 ஜூலை 17 அன்று ஒரு வழிபாட்டு இல்லத்தைத் திறந்துவைத்தார். ஆர்கன் ஒலித்தது. ஜெர்மன் மொழியில் பாட்டும் பிரசங்கமும் நடந்தன. கட்டடத்துக்கு மணியும் இருந்தது. கிறிஸ்தவப் போதகர்களும் விழாவுக்கு வந்திருந்தார்கள். யாக்கோப்சனே புரொட்டஸ்டன்ட் போதகரைப் போல அங்கி அணிந்துதான் பேசினார்.

அந்த இல்லத்துக்கு அவர் வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும். யூதர் கூடித் தொழும் இடத்தைத் தமிழ் வேதாகமம் ‘ஜெப ஆலயம்’ என்கிறது. பலிபீடம் இருந்த எருசலேம் ஆலயத்துக்கு மட்டும் ‘தேவாலயம்’. யூதர்களும் அப்படித்தான் வேறுபடுத்தி வைத்திருந்தார்கள். தேவாலயம் என்றால் உலகில் ஒன்றுதான், அது இடிந்து கிடக்கிறது, மேசியா வரும்போது மீண்டும் எழும். யாக்கோப்சன் தம் கட்டடத்துக்குத் தேவாலயம் என்று பொருள்படும் ‘டெம்பிள்’ என்ற பெயரைச் சூட்டினார். பின்னால் வந்த சீர்திருத்தக்காரர்கள் இந்தப் பெயருக்குள் ஒரு கொள்கையையே குடிவைத்தார்கள்: நாங்கள் வேறெங்கோ திரும்பிப் போகக் காத்திருப்பவர்கள் அல்லர், எங்கள் தேவாலயம் நாங்கள் வாழும் ஊரிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பல சபைகள் இன்றும் அதே பெயரைத் தாங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

நெப்போலியன் வீழ்ந்ததும் வெஸ்ட்ஃபாலியாவும் கலைந்தது. யாக்கோப்சன் பெர்லினுக்குப் போய்த் தம் வீட்டுக் கூடத்தில் வழிபாடு நடத்தினார். பிரஷ்யாவின் அரசர் 1823இல் இத்தகைய வழிபாட்டுக்குத் தடை போட்டார். யூத வழிபாட்டில் புதுமை எதுவும் கூடாது என்பது ஆணை. பிரசங்கம் ஜெர்மன் மொழியில் இருப்பதே புதுமை என்று கருதப்பட்டது.

இந்தத் தடைக்கு மறுமொழி ஓர் ஆய்வாளரிடமிருந்து வந்தது. லியோபோல்ட் ட்ஸுன்ஸ் 1832இல் யூதப் பிரசங்கத்தின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதினார். மக்கள் பேசும் மொழியில் வேதமான தோராவை விளக்குவது யூதர்களிடம் நூற்றாண்டுக் கணக்கில் இருந்த பழக்கம் என்று சான்றுகளோடு நிறுவினார். தோராவை வாசிக்க வாசிக்க, வரிக்கு வரி அரமேயத்தில் பெயர்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்பார். துக்கத்தில் இருப்பவர் சொல்லும் கதீஷ் ஜெபம் ஏன் பெரும்பாலும் அரமேயத்தில் இருக்கிறது? ஒரு காலத்தில் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி அதுதான். இன்னும் பின்னே போனால், ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது: கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமாவையும் நின்று சொல்லும் ஜெபத்தையும் எந்த மொழியிலும் சொல்லலாம். எது மரபு, எது புதுமை என்ற வழக்கில் வரலாற்றுப் படிப்பு சாட்சிக் கூண்டில் ஏறியது அப்போதுதான்.

ஆர்கன் விவகாரத்துக்கு வருகிறேன். வெளியார் கண்ணுக்கு இது சங்கீத ரசனை பற்றிய சண்டைபோலத் தோன்றும். உண்மையில் மூன்று ஆழமான கேள்விகள் அந்தக் குழாய்களுக்குள் அடைபட்டிருந்தன.

ஹாம்பர்க் நகரில் 1817இல் சீர்திருத்தக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்து, 1818 அக்டோபர் 18 அன்று தங்கள் தேவாலயத்தைத் திறந்தார்கள். ஆர்கன் வைத்தார்கள். மறு ஆண்டு சொந்தமாக ஜெபப் புத்தகமும் அச்சிட்டார்கள். எருசலேமில் மீண்டும் பலி செலுத்த அருள்வேண்டும் இடங்களில் மாற்றம் செய்தார்கள். பலிக்குப் பதிலாக எங்கள் உதடுகள் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் என்ற கருத்து உள்ளே வந்தது. ஹாம்பர்க்கின் ரபி மன்றம் கொதித்தது. ஐரோப்பா எங்கிலுமிருந்து ரபிகளின் கருத்துகளைக் கேட்டு வாங்கி, 1819லேயே கண்டன நூலாக வெளியிட்டது. ஜெப வாசகத்தை மாற்றக் கூடாது; எபிரேயம் அல்லாத மொழியில் வழிபாடு நடத்தக் கூடாது; வாராந்திர ஓய்வுநாளான சபாத்தில் ஜெப ஆலயத்தில் இசைக்கருவி கூடாது, யூதர் அல்லாதவர் வாசித்தாலும் கூடாது. கடைசி நிபந்தனைக்குக் காரணம் உண்டு. ஹாம்பர்க்கில் ஆர்கன் வாசித்தவர் யூதர் அல்லர்.

ஆர்கன் ஏன் கூடாது? சபாத் அன்று வேலை செய்யக் கூடாது. கருவி கெட்டுப்போனால் கை அதைச் சரிசெய்யப் போய்விடும் என்பது ஒரு காரணம். அது மாதா கோயிலின் அடையாளம், பிறருடைய வழிபாட்டைப் பின்பற்றக் கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் படிப்பவர் மனத்தைத் தைக்கக் கூடியது. எருசலேம் தேவாலயத்தில் லேவியர்கள் யாழும் கைத்தாளமும் இசைத்தார்கள். அந்த ஆலயம் எரிந்த நாளோடு வழிபாட்டில் கருவி இசை ஓய்ந்தது. துக்க வீட்டில் மேளம் வாசிப்பதுண்டா? ஏறக்குறைய 1,800 ஆண்டுகளாக அந்த மௌனமே ஒரு துக்க அடையாளமாக இருந்தது.

சீர்திருத்தக்காரர்கள் மூன்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள். சங்கீதப் புத்தகத்தின் 150ஆம் சங்கீதம் முழுக்கக் கருவிகளின் பட்டியல்தானே என்றார்கள். பிராக் நகர ஜெப ஆலயத்தில், வெள்ளிக்கிழமை மாலை சபாத்தை வரவேற்க ஆர்கன் வாசித்தார்களே என்று எடுத்துக் காட்டினார்கள். ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதிலோ, எருசலேம் தேவாலயத்தில் இருந்த ‘மக்ரேபா’ என்ற ஒரு கருவியைப் பற்றிப் பேச்சு வருகிறது. பத்துத் துளைகள், துளைக்குப் பத்து வகை ஒலி என்கிறது வர்ணனை. ஆர்கன் என்ற பெயர் இல்லை, ஆனால் ஆர்கனை நினைவூட்டுகிறது. எல்லா வாதங்களுக்கும் கீழே ஒரே ஒரு வாதம்தான் இருந்தது: நாங்கள் துக்கம் காப்பதை நிறுத்திவிட்டோம். அதை வாய்விட்டுச் சொல்வதற்குப் பதில் ஆர்கன் சொன்னது. எதிர்த்தவர்கள் காதில் அது சரியாகத்தான் விழுந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

இந்தச் சண்டையிலிருந்து பிறந்த இசை அழகானது. வியன்னா மிதமான வழியில் போனது. 1826இல் திறந்த அதன் ஜெப ஆலயத்தில் எபிரேயம் அப்படியே இருந்தது, ஆர்கன் இல்லை. அங்கே முன்பாடகராக இருந்த ஸாலமன் ஸுல்ட்சர் பழைய மெட்டுகளைச் செப்பம் செய்து, ஒழுங்கான பாடகர் குழுவை நிறுத்தினார். அவர் குரலுக்காக 1828இல் 92ஆம் சங்கீதத்துக்கு எபிரேயத்திலேயே இசையமைத்துக் கொடுத்தவர் ஃபிரான்ஸ் ஷூபர்ட். ஷூபர்ட் கத்தோலிக்கர். பெர்லினில் 1866இல் ஒரானியன்பர்கர் தெருவில் புதிய ஜெப ஆலயம் எழுந்தபோது ஆர்கனும் சேர்ந்தே எழுந்தது. மூரிய பாணிக் கட்டடம், பொன் வேய்ந்த கும்மட்டம், சுமார் 3,200 இருக்கைகள். அங்கே பாடகர் குழுவை நடத்திய லூயி லெவன்டாவ்ஸ்கி முன்பாடகர், குழு, ஆர்கன் மூன்றுக்கும் சேர்த்து எழுதிய இசை, இன்று ஆர்கனே வைக்காத சபைகளிலும் பாடப்படுகிறது.

வழிபாட்டு இடத்தின் அமைப்பும் மாறியது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயத்துக்குப் போய்வந்தவர்கள், சீனத்து நீலப் பூவோடுகள் பதித்த தரையின் நடுவில் பித்தளைக் கிராதி சூழ்ந்த ஒரு மேடையைப் பார்த்திருப்பார்கள். தோராவை வாசிக்கிற மேடை மக்களுக்கு நடுவே இருப்பதுதான் மரபு. சீர்திருத்த ஆலயங்கள் அதை முன்சுவரோரம், தோராச் சுருள்களை வைக்கும் பேழைக்கு அருகே நகர்த்தின. நடுவில் இருந்து வாசித்தவர் முன்னால் நின்று மக்களைப் பார்த்துப் பேசுகிறவர் ஆனார். சபையில் அமைதி வந்தது. அவரவர் வேகத்தில் முணுமுணுத்த பழைய ஜெபத்தின் உயிரோட்டமான இரைச்சல் போயிற்று. இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மொழியைப் பற்றிய சண்டை 1845இல் ஃபிராங்பர்ட்டில் கூடிய ரபிகள் மாநாட்டில் உச்சத்துக்குப் போனது. வழிபாட்டுக்கு எபிரேயம் இன்றியமையாததா என்று விவாதம். சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதில் எவருக்கும் பெரிய மறுப்பில்லை; மற்றபடி அது தேவைதானா என்பதில்தான் பிளவு. தேவையில்லை என்ற பக்கம் கைகள் கூடுதலாக உயர்ந்ததும் ஸக்கரியாஸ் ஃபிராங்கல் மாநாட்டை விட்டு வெளியேறினார். பிரெஸ்லாவில் 1854இல் திறந்த ரபிகள் கல்லூரிக்கு அவர் தலைமை ஏற்றார். மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவே நடக்கும் இன்னொரு யூதப் பிரிவின் ஊற்று அது.

இனி அந்த இரண்டாவது ஆசீர்வாதத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். சீர்திருத்தத்தின் பெரிய அறிஞர் ஆபிரகாம் கைகர் 1854இல் பிரெஸ்லாவில் ஜெபப் புத்தகம் வெளியிட்டார். மரித்தோரை உயிர்ப்பிப்பவர் என்ற எபிரேயச் சொற்களை அவர் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில் மட்டும் அந்தக் கருத்தை மெல்லக் கரைத்துவிட்டார். எபிரேயம் தெரிந்தவருக்குப் பழைய நம்பிக்கை. ஜெர்மன் படிப்பவருக்குப் புதியது. இந்த ஏற்பாடு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகர ரபி டேவிட் ஐன்ஹோர்னுக்குப் போதவில்லை. அடிமை முறையை எதிர்த்துப் பேசியதால் 1861இல் ஊரை விட்டே ஓடவேண்டி வந்த மனிதர் அவர்; எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. எபிரேயத்தையே மாற்றினார். நமக்குள் நித்திய வாழ்வை நட்டவர் என்ற தொடரை அங்கே வைத்தார். அதை அவர் புதிதாகப் புனையவில்லை. தோரா வாசித்து முடித்ததும் சொல்லும் பழைய ஆசீர்வாதத்தில் இருந்த தொடரைப் பெயர்த்து நட்டார். பழைய வீட்டின் ஒரு தூணை எடுத்து இன்னொரு மூலைக்கு முட்டுக் கொடுப்பது போன்ற வேலை. அமெரிக்கச் சபைகளுக்கான பொதுப் புத்தகம் 1890களில் வந்தபோது ஐன்ஹோர்னின் வழியையே பின்பற்றியது. 1975இல் வந்த அடுத்த புத்தகத்தில் ‘அனைத்துக்கும்’ என்ற சொல் இடம்பிடித்தது. 2007இல், துரத்திவிட்ட ‘மரித்தோர்’ அடைப்புக்குறிக்குள் வீடு திரும்பினார்கள்.

ஏன் திரும்பினார்கள்? பேரப்பிள்ளைகள் எலும்பும் தசையும் எழும் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதல்ல. பழைய சொல்லை உவமையாகவும் சொல்லலாம் என்ற தெளிவு பிறந்தது. குளிர்காலத்தில் பட்டுப்போன மரம் துளிர்ப்பதும், நம்பிக்கை இழந்தவர் மீள்வதும் உயிர்த்தெழுதல்தான் என்று சொல்பவர்கள் வந்தார்கள். ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட நூற்றாண்டைக் கடந்துவந்தவர்களுக்கு, ‘மரித்தோர்’ என்ற சொல்லை ஜெபத்திலிருந்து எடுத்துவிடுவது வேறு விதமாகவும் வலித்திருக்கும்.

இதே பாதையில் போய்த் திரும்பியது கோல் நித்ரே. பாவநிவாரண நாள் தொடங்கும் மாலையில் பாடுவது. கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள், மெட்டு அப்படி. சொற்களோ வறண்ட சட்ட வாசகம். கடவுளுக்குச் செய்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் போகும் பொருத்தனைகள் செல்லாதவை ஆகட்டும் என்று அரமேயத்தில் அறிவிக்கும் வாசகம். யூதர் கொடுக்கும் வாக்கை நம்பாதீர்கள், ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் ரத்துசெய்கிறார்கள் என்று பகைவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இதைக் காட்டியே பழி சொன்னார்கள். நீதிமன்றங்களில் யூதருக்கென்றே இழிவான தனி உறுதிமொழி வைத்திருந்த நாடுகள் உண்டு. 1844இல் பிரவுன்ஷ்வைக்கில் கூடிய மாநாடு கோல் நித்ரேயைக் கைவிடச் சொன்னது. பல சபைகள் சொற்களைக் கைவிட்டன. மெட்டை விட முடியவில்லை. அதே மெட்டில் 130ஆம் சங்கீதத்தையும் ஜெர்மன் பாடல்களையும் பாடினார்கள். மாக்ஸ் புரூக் என்ற புரொட்டஸ்டன்ட் இசைமேதை அதை செல்லோவுக்கென்று எழுதியது 1881இல் அச்சேறி உலகெங்கும் போயிற்று. வேறு சொற்களைச் சுமந்தும், சொல்லே இல்லாமலும் ஒரு மெட்டு நூறாண்டு காத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தப் புத்தகங்களுக்குள் பழைய அரமேய வாசகம் மறுபடி வந்து உட்கார்ந்தது.

அமெரிக்காவில் இந்த மாற்றங்கள் வேகமாகவும் கரடுமுரடாகவும் நடந்தன. தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் 1824இல் 47 பேர் தங்கள் ஜெப ஆலய நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்தார்கள்: முக்கிய ஜெபங்களை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும், வழிபாட்டின் நீளம் குறைய வேண்டும், வாராவாரம் ஆங்கிலத்தில் விளக்கவுரை வேண்டும். நிர்வாகம் மறுத்தது. 1838இல் ஆலயம் தீயில் எரிந்து, புதியது எழுந்தபோது ஆர்கன் கேட்டார்கள். பெரும்பான்மை சரி என்றது. மரபுக்காரர்கள் வெளியேறித் தனி ஆலயம் அமைத்தார்கள். வழக்கு மேல்முறையீடு வரை போனது. சமய உட்பூசலில் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். உள்நாட்டுப் போர் ஊரையே சிதைத்த பிறகு, 1866இல் இரு சபைகளும் மறுபடி ஒன்றாயின. கிரேக்கத் தூண்கள் கொண்ட அந்தக் கட்டடம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் நடந்தது இன்னும் விசித்திரம். பொஹீமியாவிலிருந்து வந்த இளம் ரபி ஐசக் மாயர் வைஸுக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1850இல் புத்தாண்டு நாளுக்குச் சற்று முன் அவரை நீக்கினார்கள். அவர் வழக்கம்போல வந்து தோராச் சுருளை எடுக்கப் பேழையை நெருங்கியபோது சபைத் தலைவர் அவரை அடித்தார். ஆலயமே அடிதடிக் களமானது. காவலர்கள் வந்துதான் கலைத்தார்கள். வைஸின் ஆதரவாளர்கள் தனிச் சபை தொடங்கி, ஒரு பாப்டிஸ்ட் திருச்சபைக் கட்டடத்தை விலைக்கு வாங்கினார்கள். உள்ளே குடும்பம் குடும்பமாக உட்காரும் நீள் இருக்கைகள் ஏற்கெனவே இருந்தன. பெண்களுக்கு மாடம் கட்டுவதா, இருக்கிறபடி உட்காருவதா? 1851இல் கணவன், மனைவி, பிள்ளைகள் ஒரே இருக்கையில் அமர்ந்து தொழத் தொடங்கினார்கள். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே உட்கார வைத்த நூற்றாண்டுக் கணக்கான பிரிவினை ஒன்று, பழைய மரச்சாமான்கள் மாற்றப்படாமல் இருந்ததால் அந்த ஊரில் முடிவுக்கு வந்தது.

வைஸ் பிறகு சின்சினாட்டிக்குப் போய் இந்த இயக்கத்துக்கு முதுகெலும்பு கொடுத்தார். 1873இல் சபைகளின் கூட்டமைப்பு, 1875இல் ரபிகளை உருவாக்கும் ஹீப்ரு யூனியன் கல்லூரி. சனிக்கிழமையும் கடை திறந்தாக வேண்டிய ஊரில், சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை இரவு வழிபாடு என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய ரபிகள் உணவு விலக்கு, உடை விதிகளைத் தள்ளிவைத்தார்கள். உடல் உயிர்த்தெழும் என்பதையும் மறுத்தார்கள். தலைமூடாமல், சால்வை போர்த்தாமல், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தொழுத தலைமுறை அது. 1937இல் கொலம்பஸில் கூடியவர்கள் சடங்குக்கும் எபிரேயத்துக்கும் மீண்டும் கதவைத் திறந்தார்கள். அதற்குப் பின் சால்வை திரும்பியது. தலைக் குல்லா திரும்பியது. கோடைக்கால முகாம்களில் கிட்டார் வந்தது. பாடகி டெபி ஃபிரீட்மன் எபிரேயமும் ஆங்கிலமும் கலந்து பாடிய நோய்தீர்க்கும் ஜெபம் ஆர்கன் ஒலித்த ஆலயங்களுக்குள் நுழைந்தது. 2020இல் எடுத்த ஒரு பெரிய ஆய்வின்படி அமெரிக்க வயதுவந்த யூதர்களில் 37 சதவீதம் பேர் தங்களைச் சீர்திருத்தப் பிரிவினர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

மாறியதிலெல்லாம் திரும்பிப் போகாத மாற்றம் ஒன்று உண்டு. அமிதாவின் முதல் ஆசீர்வாதம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று மூன்று தந்தையரைச் சொல்லும். இப்போது அதே வரியில் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் நால்வரும் இருக்கிறார்கள். யாரும் அவர்களை அடைப்புக்குறிக்குள் போடவில்லை.

அவர்கள் வந்த வழியில் ஓர் இந்தியப் பெண்ணும் இருக்கிறார். கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் சனிவார் தேலி என்று பேர் வாங்கிய பெனே இஸ்ரேல் யூதர்கள், ஷெமாவை மறக்காமல் வைத்திருந்தவர்கள். அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழமும் படைத்து எலியா தீர்க்கதரிசியை நினைக்கும் ‘மலிதா’ சடங்கு அவர்களுக்கே உரியது. அந்தச் சமூகத்தின் ஜெருஷா ஜிராத் லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனார். லிலி மான்டகு என்ற பெண்மணி அங்கே முன்னின்று நடத்திய தாராளவாத யூத வழிபாட்டைக் கண்டார். ஊர் திரும்பி, 1925இல் பம்பாயில் அத்தகைய சபையைத் தொடங்கினார். காமா மருத்துவமனையைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய மகப்பேறு மருத்துவர். 1966இல் பத்மஶ்ரீ பெற்றவர். அந்தச் சபையின் ஆலயம் ரோதெஃப் ஷாலோம், மும்பை பைக்குலாவில் இருக்கிறது.

அதே வழியில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். பெர்லினில் பிறந்த ரெகினா யோனாஸ் 1930இல் தம் கல்லூரியில் ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். ஒரு பெண் ரபி ஆகலாமா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பழையதைத் தள்ளிவிட்டு விடை சொல்ல அவர் விரும்பவில்லை. தல்மூதையும் சட்ட நூல்களையும் வரிவரியாக எடுத்து, தடையாக இருப்பவை தப்பெண்ணமும் பழக்கமின்மையும்தான், சட்டம் அல்ல என்று காட்டினார். 1935 டிசம்பரில் ஓஃபன்பாக் நகரின் ரபி மாக்ஸ் டீனமன் அவருக்கு ரபி பட்டம் அளித்தார். உலகில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1942இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் பிரசங்கம் செய்தார். தலைப்புகளைத் தம் கையால் எழுதிய பட்டியல் கிடைத்திருக்கிறது. 1944இல் ஔஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பிறகு அவர் பெயரை ஏறக்குறைய எல்லாரும் மறந்தார்கள். 1972இல் சின்சினாட்டியில் ஸாலி பிரீஸண்ட் ரபி ஆனபோது உலகின் முதல் பெண் ரபி என்று அவரையே பலர் எழுதினார்கள். நாடுகடத்தப்படுமுன் யோனாஸ் விட்டுச்சென்ற தாள்கள் கிழக்கு ஜெர்மனியின் ஓர் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் ஆய்வாளர் கைக்கு வந்தன.

அந்தத் தாள்களும், அங்கியணிந்து அவர் நிற்கும் படமும் இப்போது பெர்லின் ஒரானியன்பர்கர் தெருவின் அந்த ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1943இன் குண்டுவீச்சில் சிதைந்த பெருங்கூடத்தைத் திரும்பக் கட்டவில்லை. அது நின்ற இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, சுவடு மட்டும் குறித்திருக்கிறார்கள். லெவன்டாவ்ஸ்கியின் ஆர்கன் இல்லை. முகப்பும் பொன் கும்மட்டமும் மட்டும் மீண்டும் எழுந்து நிற்கின்றன. மேல்தளத்தில் சிறிய வழிபாட்டு அறை ஒன்று இருக்கிறது. அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்கார்ந்து தொழுகிறார்கள்.